இறந்தவரின் வாக்கு வளருமா?

கென்டக்கி மாநிலத்தின் கிழக்கே, அப்பலாச்சிய மலைகளின் மடிப்புக்குள் இருக்கிறது நாட் கவுண்டி. பக்கத்துக் கவுண்டிகளிலிருந்து துண்டு துண்டாக நிலம் பிரித்து 1884-இல் உருவாக்கினார்கள். அன்றைய ஆளுநர் ஜேம்ஸ் பிராக்டர் நாட் என்பவரின் பெயரையே வைத்தார்கள். தலைமையிடமான ஹிண்ட்மேன் ஒரு சிற்றூர். இப்படிப்பட்ட ஊர்களைப் பற்றித் தேசிய வரலாற்று நூல்களில் அதிகம் கிடைக்காது. யார் யாருக்கு எதை விற்றார், யார் எவ்வளவு வரி கட்டினார், யார் யாரை மணந்தார், யார் சொத்து யாருக்குப் போனது என்பதெல்லாம் கவுண்டி கிளார்க் அலுவலகத்தின் கனத்த பேரேடுகளில்தான் கிடக்கிறது. கிழக்கு கென்டக்கியின் மலைக் கவுண்டிகளில் 1880-களுக்கும் 1910-களுக்கும் இடைப்பட்ட பத்திரப் பதிவேடுகளைப் புரட்டினால் ஒரு வகைப் பத்திரம் திரும்பத் திரும்ப வரும். அதில் நிலம் விற்கப்படுவதில்லை. நிலத்துக்கு அடியில் இருப்பது விற்கப்படுகிறது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, மற்ற கனிமங்கள் எல்லாம் வாங்குபவருக்கு. மேல்மண் மட்டும் விற்பவருக்கு. ‘பிராட் ஃபார்ம் டீட்’ என்பது அங்கே அதன் பெயர். விலை ஏக்கருக்கு ஐம்பது சென்ட்டிலிருந்து சில டாலர் வரை.

அந்தப் பக்கங்களில் ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். எல்லை விவரம் ஒரு செஸ்ட்நட் மரத்தடியில் தொடங்கும். அங்கிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து ஒரு பாறைக்கு, பாறையிலிருந்து முகட்டுக்கு, பிறகு தொடங்கிய மரத்துக்கே திரும்பும். பரப்பு ‘ஏறக்குறைய’ இத்தனை ஏக்கர். அடுத்து வாங்குபவரின் உரிமைகள் வரும். கனிமத்தை எடுக்க அவசியமான, அல்லது வசதியான, எதையும் அவர் செய்யலாம். மரம் வெட்டலாம், தண்ணீர் எடுக்கலாம், பாதை போடலாம், கழிவு கொட்டலாம். அதனால் மேல்நிலத்துக்கு வரும் சேதத்துக்கு அவர் பொறுப்பில்லை. நம் கிரயப் பத்திரங்களில் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ என்று எழுதுவதுபோல அங்கேயும் வாரிசுகளைச் சேர்த்து, என்றென்றைக்கும் என்று முடிப்பார்கள். அடியில் விற்றவரின் பெயர். முதற்பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் நடுவே ஒரு பெருக்கல் குறி. எழுதத் தெரியாதவரின் கைநாட்டு அது. ஆனால் பதிவேட்டில் நாம் பார்க்கும் குறிகூட அவர் கையால் போட்டதில்லை. ஒளிநகல் வசதி வராத அந்தக் காலத்தில், மூலப் பத்திரத்தை கிளார்க் தன் கையெழுத்திலேயே பேரேட்டில் நகலெடுப்பார். பெருக்கல் குறியையும் அவரே போட்டுவிடுவார். மூலம் வாங்கியவரிடம் போய்விடும். விற்றவர் பேரப் பிள்ளைகளின் தலைமேல் இறக்கிவைத்துப் போன கடமைக்குச் சாட்சியாக மிஞ்சுவது இன்னொருவர் எழுத்தில் இருக்கும் ஒரு குறி.

வாங்கியவர்களில் பேர்போனவர் ஜான் சி. சி. மேயோ. பள்ளி ஆசிரியராகத் தொடங்கி, மலை மலையாகக் கனிம உரிமைகளைச் சேர்த்து, 1914-இல் இறக்கும்போது மாநிலத்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவராக இருந்தார். அவர் சேர்த்த உரிமைகள் பெரிய நிலக்கரிக் கம்பெனிகளுக்குக் கைமாறின. விற்ற குடும்பங்கள் மேல்நிலத்தில் மக்காச்சோளம் போட்டு, மாடு வளர்த்து, அந்த நிலத்துக்கு வரியும் கட்டி வாழ்ந்தன. அவர்கள் கண்ட சுரங்கம் மலையின் விலாவில் ஒரு துளை. உள்ளே கடப்பாரை, மண்வெட்டி, தள்ளுவண்டி இழுக்கும் கோவேறு கழுதை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புல்டோசர் வந்தது. டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் அனல்மின் நிலையங்களுக்கு மலிவான கரி வேண்டியிருந்தது. மலைக்குள் போய்க் கரியை எடுப்பதைவிட, மேலே இருக்கும் மரம், மண், பாறை அனைத்தையும் சரித்துத் தள்ளிவிட்டுக் கரியை அள்ளுவது சுலபமாயிற்று. அப்போது இந்தப் பழைய பத்திரங்களைத்தான் கம்பெனிகள் எடுத்துக் காட்டின. அன்று கென்டக்கியின் கடைசி நீதிமன்றமாக இருந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் 1956-இல் புக்கானன் எதிர் வாட்சன் வழக்கில் கம்பெனி பக்கம் நின்றது: மேல்மண்ணை அழித்துக் கரி எடுக்கலாம், நஷ்டஈடும் தர வேண்டாம். 1965-இல் நாட் கவுண்டியின் கிளியர் கிரீக்கில் டான் கிப்சன் என்ற முதிய பாப்டிஸ்ட் பிரசங்கியார் துப்பாக்கியோடு புல்டோசர்களை மறித்தார். அதே ஆண்டு நவம்பரில் ஆலி கோம்ப்ஸ் என்ற விதவைத் தாய் தன் வீட்டுக்கு மேலிருந்த சரிவில் இயந்திரத்தின் முன் போய் உட்கார்ந்தார். காவலர்கள் அவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிப்போகும் புகைப்படம் நாடெங்கும் பரவியது. நன்றி நவிலும் நாளின் விருந்தை அவர் சிறையில் சாப்பிட்டார். 1968-இல் அதே நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பை மறுபடி உறுதி செய்தது.

இதை ஏழைகளுக்கும் கம்பெனிகளுக்கும் நடந்த போராட்டமாக மட்டும் சொல்லி முடித்துவிடலாம். அப்படிப் பலர் சொல்லியும் இருக்கிறார்கள், அதில் பிழையில்லை. ஆனால் அந்தப் பேரேடுகள் எழுப்பும் கேள்வி அதைவிடப் பழையது: இறந்தவர் கொடுத்த வாக்கு உயிரோடிருப்பவரை எந்த அளவுக்குக் கட்டும்? அமெரிக்காவில் இந்த விவாதம் குடியரசின் பிறப்போடேயே தொடங்கியது. 1789 செப்டம்பரில் பாரிசிலிருந்து தாமஸ் ஜெஃபர்சன் ஜேம்ஸ் மேடிசனுக்கு ஒரு கடிதம் எழுதினார். பூமி உயிருள்ளவர்களின் அனுபவத்துக்கு உரியது, இறந்தவர்களுக்கு அதன்மேல் அதிகாரம் இல்லை என்பது அவர் வாதம். ஆயுள் அட்டவணைகளை வைத்துக் கணக்குப் போட்டு, எந்தச் சட்டமும் கடனும் சுமார் 19 ஆண்டுகளுக்கு மேல் செல்லக் கூடாது என்றார். மறு ஆண்டு பிப்ரவரியில் மேடிசன் பதில் எழுதினார். முன்னோர் செய்துவைத்த நன்மைகளை நாம் அனுபவிக்கிறோம்; அவற்றுக்கான கடனை மட்டும் எப்படி உதறுவது? மேடிசனின் வாதத்தில் பலம் இருக்கிறது. ஜெஃபர்சனின் சொந்த வாழ்க்கையே இந்தக் கேள்வியின் கசப்பான முகத்தைக் காட்டிவிட்டது. அவர் கடனோடு இறந்தார். அந்தக் கடனுக்காக 1827-இல் அவரது எஸ்டேட்டில் அடிமைகளாக இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதவர்கள்மேல் இறந்தவரின் வாக்கு விழுந்தது.

இறந்தவரின் வாக்கு கட்டவே கட்டாது என்ற ஜெஃபர்சனின் பக்கம் நான் நிற்கவில்லை. உயில், அறக்கட்டளை, உடன்படிக்கை எல்லாமே இறந்தவரின் சொல்லை மதிப்பதில்தான் நிற்கின்றன. தாத்தா கரியை விற்றார் என்றால் கரி விற்கப்பட்டதுதான். பேரன் அதைத் திரும்பக் கேட்க முடியாது. என் வாதம் இதைவிடச் சிறியது, ஆனால் இன்னும் கறாரானது. வாக்கு வாரிசுக்கு இறங்கலாம். இறங்கும் வழியில் அது வளரக் கூடாது. உயிரோடிருப்பவர் தன் வாக்கின் பொருளை விளக்கலாம், மறுக்கலாம், ‘நான் சொன்னது அதுவல்ல’ என்று எழுந்து நிற்கலாம். இறந்தவருக்கு அந்த வாய்ப்பில்லை. அவர் நினைத்தே பார்க்காத ஒன்றை அவர் சம்மதத்தின் பேரில் செய்கிறவர், வாரிசின் நிலத்தை எடுத்துக்கொள்வதோடு இறந்தவரின் வாயில் அவர் சொல்லாத சொல்லையும் வைக்கிறார். பத்திரத்தின் எழுத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் தங்களை இறந்தவர்களின் வாக்குக்கு விசுவாசிகள் என்று சொல்லிக்கொண்டார்கள். அந்த இறந்தவர்களை அவர்களைப்போல் அவமதித்தவர்கள் வேறு யாருமில்லை என்பதே என் முடிவு. இதற்கு ஆதாரம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பெரும்பகுதி அந்தப் பேரேடுகள் இருக்கும் அதே நீதிமன்றக் கட்டடத்தில், அதே அலமாரிகளில் இருக்கிறது.

முதல் ஆதாரம் எல்லை விவரத்தில் நிற்கும் செஸ்ட்நட் மரம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஒரு பூஞ்சை நோய் அமெரிக்கச் செஸ்ட்நட் மரங்களை அப்பலாச்சியா முழுவதும் அழித்துவிட்டது. பத்திரம் காட்டும் மரம் இன்று அங்கே இல்லை. எல்லைத் தகராறு வந்தால் நீதிமன்றம் என்ன செய்கிறது? மரம் போய்விட்டது, எனவே எல்லையும் போய்விட்டது என்று சொல்வதில்லை. பக்கத்தில் நிற்கும் இன்னொரு மரத்தைக் காட்டி, இதுவும் மரம்தானே, எல்லையை இதுவரை நீட்டிக்கொள் என்றும் சொல்வதில்லை. முதல் சர்வேயர் எங்கெங்கே நடந்தாரோ அந்தத் தடத்தைத் தேடச் சொல்கிறது. தூரக் கணக்கும் திசைக் கணக்கும் பிசகினாலும், எழுதியவர்கள் கண்ணால் பார்த்த ஓடையையும் பாறையையும்தான் முதலில் நம்ப வேண்டும் என்பது அமெரிக்க நிலச் சட்டத்தின் பழைய விதி. பரப்பைப் பொறுத்தவரை, அன்று விற்றவரும் வாங்கியவரும் எதைப் பார்த்துக்கொண்டு நின்றார்களோ அதுதான் பத்திரத்தின் பொருள். அதே பக்கத்தில் நாலு வரி தள்ளி இருக்கும் சுரங்க உரிமைக்கு மட்டும் வேறு அளவுகோல் ஏன்? கிடைமட்டத்தில் ஓரடிகூட நகரக் கூடாத வாக்கு, செங்குத்தாக மட்டும் ஒரு மலையையே விழுங்கும் அளவுக்கு வளரலாம் என்றால், அங்கே விதி எதுவும் வேலை செய்யவில்லை. வசதிதான் வேலை செய்தது.

இரண்டாவது ஆதாரம் வரிப் பேரேடு. 1970-களின் கடைசியில் அப்பலாச்சியாவின் ஊர்க்காரர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து, ஆறு மாநிலங்களின் 80 கவுண்டிகளில் நீதிமன்றக் கட்டடங்களுக்குள் போய் உட்கார்ந்து, சுமார் 2 கோடி ஏக்கரின் உடைமை விவரத்தைப் பேரேடுகளிலிருந்து எடுத்தார்கள். 1981-இல் அதன் முடிவுகள் வெளிவந்தன. அவர்கள் பார்த்த கனிம உடைமையாளர்களில் முக்கால்வாசிக்கு மேற்பட்டோருக்கு ஏக்கருக்கு 25 சென்ட்டுக்கும் குறைவான வரியே போடப்பட்டிருந்தது. இதில் அநியாயம் இருக்கிறது என்பது தெரிந்ததே; தர்க்கப் பிழையும் இருக்கிறது. பத்திரப் பதிவேட்டின்படி மேல்மண்ணைப் புரட்டிப் போடும் அளவுக்குப் பெரிய உரிமை, வரிப் பேரேட்டுக்கு வந்ததும் ஏறக்குறைய ஒன்றுமில்லாததாகச் சுருங்கிவிடுகிறது. ஓர் உரிமை எவ்வளவு பெரியதோ அவ்வளவு சுமையையும் அது தாங்க வேண்டும். கம்பெனிகள் நிஜமாகவே என்றென்றைக்குமான, எல்லையற்ற உரிமையைத்தான் தாங்கள் வாங்கியதாக நம்பியிருந்தால், அந்த நம்பிக்கையின் சுவடு வரிக் கணக்கில் கொஞ்சமாவது இருந்திருக்க வேண்டும். வாங்கியவர்களின் நடத்தையே அவர்கள் எதை வாங்கினார்கள் என்பதற்குச் சாட்சி சொல்கிறது.

மூன்றாவது ஆதாரம் காகிதத்தில் பாதி, மலையில் பாதி. கிழக்கு கென்டக்கியின் ஓல்ட் ரெகுலர் பாப்டிஸ்ட் சபைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. குடும்பக் கல்லறைகள் பெரும்பாலும் வீட்டுக்கு மேலே சரிவிலோ முகட்டிலோ இருக்கும். ஆண்டுக்கொரு முறை, வெயில் காலத்தில், உறவினர் எல்லாரும் அங்கே கூடி, பாட்டும் பிரசங்கமுமாக இறந்தவர்களை நினைவுகூர்வார்கள். சபைச் சங்கங்கள் ஆண்டுதோறும் அச்சிடும் நடவடிக்கைக் குறிப்புகளில் மறைந்தவர்களைப் பற்றிய நினைவுரைகள் இடம்பெறும். ஒரே கவுண்டிக்கு இப்படி இரண்டு வகை ஆவணங்கள்: ஒருவர் எதை விற்றார் என்று சொல்வது ஒன்று, அவர் யாராக வாழ்ந்தார் என்று சொல்வது மற்றொன்று. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் பத்திரத்தின் பொருள் துலங்கும். தன் தாய் தகப்பனைப் புதைத்த சரிவுக்குப் பக்கத்தில் கரியை விற்ற ஒருவர், விற்ற பிறகும் அங்கேயே தன் பிள்ளையைப் புதைத்திருக்கிறார். தனக்கும் அங்கேயே இடம் ஒதுக்கியிருக்கிறார். அந்தச் சரிவையே புரட்டும் உரிமையைத் தான் கொடுத்துவிட்டதாக நினைத்தவர் இப்படிச் செய்வாரா? புல்டோசர் வந்தபோது தன் பிள்ளைகளின் சவப்பெட்டிகள் மண்ணோடு சேர்ந்து சரிவில் உருண்டு போனதைப் பார்த்ததாக அந்த மலைப் பகுதித் தாய் ஒருவர் சொன்ன சாட்சியம் பதிவாகியிருக்கிறது. பத்திரத்தில் கைநாட்டு வைத்தவர்களின் சம்மதத்தின் பேரில்தான் அது நடந்தது என்று சட்டம் சொன்னது. எழுத்தை மட்டும் படித்தால் அப்படித்தான் சொல்ல வரும்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். மிக வலுவான மறுப்பு அந்த மக்களின் மதத்துக்குள்ளிருந்தே வருகிறது. சங்கீதப் புத்தகத்தின் 15-ஆம் சங்கீதம், தனக்கே இழப்பு வந்தாலும் ஆணையை மாற்றாதவனைத்தான் தேவனின் மலையில் தங்கத் தகுந்தவன் என்கிறது. யோசுவா 9-ஆம் அதிகாரம் இன்னும் கடுமையானது. கிபியோனியர் பூசணம் பிடித்த அப்பத்தையும் தேய்ந்த செருப்பையும் காட்டி, தூர தேசத்தார் என்று ஏமாற்றி இஸ்ரவேலரிடம் உயிர்ப் பாதுகாப்புக்கு ஆணை வாங்கிவிடுகிறார்கள். ஏமாற்று வெளிப்பட்ட பின்னும் ஆணை நிற்கிறது. பல தலைமுறைக்குப் பிறகு சவுல் அதை மீறியதற்காகத் தேசமே மூன்று வருடப் பஞ்சத்தில் வாடியது என்கிறது சாமுவேலின் இரண்டாம் புத்தகம். ஏமாற்றி வாங்கிய ஆணையே சந்ததியைக் கட்டும் என்றால், விலை கொடுத்து வாங்கிய பத்திரம் கட்டாதா? கட்டும். ஆனால் எதற்குக் கட்டும் என்று பார்க்க வேண்டும். சங்கீதம் புகழ்பவன் தன் இழப்பைத் தாங்குகிறவன். பிறக்காத பேரனின் இழப்பை அடகு வைக்கிறவன் அல்ல. கிபியோனியருக்குக் கிடைத்த ஆணை அவர்களை உயிரோடு விடுவது. அவர்கள் கேட்டது அதுதான், கொடுக்கப்பட்டது அதுதான், சவுல் காலத்திலும் அதன் அளவு அதுதான். தலைமுறைகள் கடந்து அது இறங்கியது, துளியும் வளரவில்லை. அதே வேதத்தின் லேவியராகமம் 25-ஆம் அதிகாரமோ, நிலத்தை நிரந்தரமாக விற்பதையே தடுத்து, ஐம்பதாம் ஆண்டான யூபிலியில் அது பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும் என்கிறது. மதில் சூழ்ந்த நகரத்து வீட்டுக்கு மட்டும் விலக்குத் தருகிறது. எது என்றென்றைக்கும் கைமாறலாம், எது கூடாது என்று வேதம் பிரித்துப் பார்க்கிறது. யூபிலி நடைமுறையில் இருந்ததா என்பது வரலாற்றாசிரியர்களின் சந்தேகம். இருந்தாலும், வாக்கின் புனிதத்தை அவ்வளவு வலியுறுத்தும் நூலே நில விற்பனைக்கு எல்லை போட்டது என்பதில் சந்தேகமில்லை.

இரண்டாவது மறுப்பு நீதிமன்றத்தினுடையது. பழைய பத்திரங்களின் பொருளைக் கிளறினால் எந்த உரிமைக்கும் உறுதியிருக்காது, ஒரு தொழிலே ஆட்டம் காணும் என்ற அச்சம் 1956 தீர்ப்பில் இருக்கிறது. இதற்குக் கென்டக்கியின் வரலாறே பதில் சொல்லிவிட்டது. அந்த மாநிலம் ஒரு காலத்தில் வர்ஜீனியாவின் பகுதி. வர்ஜீனியா வழங்கிய பழைய நிலப் பட்டாக்கள் மலைகளில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. 1891-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 251-ஆம் பிரிவு அவற்றுக்குக் கெடு வைத்தது: வர்ஜீனியா வழங்கியவை, 1820-க்கு முன் கென்டக்கி வழங்கியவை ஆகியவற்றை நம்பி, பதிவான பத்திரத்தோடு எல்லை தெளிவாக அனுபவித்து வருபவர்மேல் ஐந்தாண்டுக்குப் பின் வழக்குப் போட முடியாது. பழைய காகிதத்துக்கு அளவு வைத்ததால் உரிமைகள் குலையவில்லை, உறுதிப்பட்டன. அந்த உறுதியின்மேல் நின்றுதான் மேயோ போன்றவர்கள் வாங்கினார்கள். பக்கத்து மேற்கு வர்ஜீனியாவிலோ, 1904-இல் எழுதிய ஒரு கனிமப் பத்திரத்தை 1947-இல் ஆராய்ந்த நீதிமன்றம், எழுதியவர்கள் நினைக்காத திறந்தவெளிச் சுரங்கத்துக்கு அது இடம் கொடுக்காது என்று தீர்த்தது. அதற்குப் பிறகு மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரித் தொழில் நின்றுபோய்விடவில்லை. பத்திரத்துக்கு வேண்டிய உறுதி என்பது, எழுதிய இருவரும் எதிர்பார்த்ததே நடக்கும் என்ற உறுதி. ஒருவர் எதிர்பார்த்ததற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும் என்பதை உறுதி என்று சொல்வதற்கில்லை.

மூன்றாவது மறுப்பு நம் மரியாதையைச் சோதிப்பது. விற்றவர்கள் விவரமறிந்த பெரியவர்கள். வந்த விலையை வாங்கிக்கொண்டு செலவழித்தார்கள். எழுதத் தெரியாது என்பதற்காக அவர்களைக் குழந்தைகளாக்கலாமா? கூடாது. அதனால்தான் என் வாதம் அவர்களின் படிப்பறிவின்மேல் நிற்கவில்லை. 1900-இல் ஹார்வர்டில் சட்டம் படித்தவர் விற்றிருந்தாலும் அவர் விற்றது புல்டோசருக்கு அல்ல, ஏனென்றால் அப்படியொன்று அப்போது இல்லை. விற்றவர்கள் முட்டாள்கள், ஆகவே விற்பனை செல்லாது என்பது இரக்கம் காட்டுவதுபோல் அவமதிப்பது. அவர்கள் என்ன செய்கிறோம் என்று தெரிந்தே செய்தார்கள், ஆகவே அவர்கள் தெரிந்து செய்ததற்கு மேல் ஏதும் அவர்கள் பேரில் எழுதக் கூடாது என்பதுதான் மரியாதை. இங்கே நுட்பமான வாசகர் இன்னொன்று கேட்கலாம்: பேச்சுரிமை தொலைக்காட்சிக்கும் பொருந்தும் என்கிறோமே, அதை எழுதியவர்கள் தொலைக்காட்சியைக் கண்டார்களா? சொல் வளர்வது அங்கே சரி, இங்கே தவறா? வித்தியாசம் இருக்கிறது. அரசியல் சட்டம் ஒவ்வொரு தலைமுறையும் மறுபடி ஏற்றுக்கொள்வது. வேண்டாமென்றால் திருத்தும் வழி அதற்குள்ளேயே இருக்கிறது. அதன் சொல் வளரும்போது பெரும்பாலும் வளர்வது எளியவரின் காப்பு. தனிப் பத்திரத்தின் சொல் வளரும்போது வளர்வது ஒருவரின் லாபமும் மற்றவரின் சுமையும். சுமப்பவரிடம் யாரும் மறுபடி கேட்பதில்லை.

கடைசி மறுப்பு கூச்சத்தோடு எதிர்கொள்ள வேண்டியது. அந்த மலைவாசிகளின் மேல்நில உரிமை மட்டும் எங்கிருந்து வந்தது? 1775-இல் சிக்கமோர் ஷோல்ஸ் என்ற இடத்தில் ரிச்சர்ட் ஹெண்டர்சன் செரோக்கி முதியவர்கள் சிலரிடம் சரக்குகளைக் கொடுத்து, கென்டக்கியின் பெரும்பகுதியை எழுதி வாங்கினார். டிராகிங் கேனு என்ற இளைய தலைவர் அங்கேயே எதிர்த்தார். வர்ஜீனியா 1778-இல் அந்த விற்பனையைச் செல்லாது என்றது; ஆனால் நிலத்தைச் செரோக்கிகளிடம் திருப்பித் தரவில்லை, தானே வைத்துக்கொண்டது. தங்கள் பாட்டனின் குறி மிகைப்படுத்தப்பட்டதாக முறையிடுபவர்கள், அதற்கும் முந்தைய குறிகள்மேல்தான் வீடு கட்டியிருக்கிறார்கள். இதை மறைப்பது நேர்மையல்ல. ஆனால் இது என் வாதத்தைத் தளர்த்தவில்லை, அதன் வீச்சைக் கூட்டுகிறது. முதியவர் சிலரின் சம்மதத்தைக் கொண்டு இளையவர்களின் வாழ்விடம் முழுவதையும் அளக்கக் கூடாது என்பது ஹிண்ட்மேனில் உண்மையென்றால் சிக்கமோர் ஷோல்ஸிலும் உண்மை. நியாயம் கேட்கிறவரின் கை சுத்தமில்லை என்பது அவர் கேட்கும் நியாயத்தைப் பொய்யாக்காது. அவரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று நினைவூட்டும்.

கனிமப் பத்திரங்களைப் பற்றிய இந்தத் தகராறு எப்படி முடிந்தது என்பது பதிவாகியிருக்கிறது. மேல்நிலத்தாருக்குச் சாதகமாகச் சட்டமன்றம் 1984-இல் இயற்றிய சட்டத்தை மூன்றாண்டுக்குப் பிறகு நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆகவே அரசியல் சட்டத்தையே திருத்த ஊர் ஊராகப் பிரசாரம் நடந்தது. 1988 நவம்பரில் கென்டக்கி வாக்காளர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டோர் திருத்தத்துக்கு வாக்களித்தார்கள். பழைய பத்திரம் எடுக்கும் முறையைத் தெளிவாகச் சொல்லாவிட்டால், அது எழுதப்பட்ட காலத்தில் அந்தப் பகுதியில் வழக்கமாக அறியப்பட்டிருந்த முறையில் மட்டுமே கரி எடுக்கலாம் என்பது அதன் சாரம். 1993-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, 1956 தீர்ப்பைக் கைவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, எந்தப் பத்திரமும் ரத்தாகவில்லை என்பது. கரி விற்கப்பட்டது விற்கப்பட்டதாகவே இருக்கிறது. இறந்தவர்கள் எதை அறிந்து குறி வைத்தார்கள் என்று கேட்பது மட்டும் கட்டாயமாயிற்று. அதற்குள் எத்தனையோ சரிவுகள் போய்விட்டிருந்தன என்பதும் உண்மை. திருத்தம் அவற்றை மீட்கவில்லை.

ஆகவே ஆவணங்களைச் சந்தேகிப்பவர்களின் கட்சியில் நான் சேரவில்லை. 2022 ஜூலை வெள்ளத்தில் ஹிண்ட்மேன் செட்டில்மென்ட் பள்ளியின் ஆவணங்களும், பக்கத்து வைட்ஸ்பர்கில் ஆப்பல்ஷாப் என்ற கலை நிறுவனத்தின் காப்பகமும் சேற்றில் மூழ்கியபோது, மக்கள் அவற்றைத் துடைத்தும் உறைய வைத்தும் காப்பாற்றப் பாடுபட்டார்கள். சரியாகவே செய்தார்கள். கம்பெனிக்கு ஆயுதமான பேரேடுதான் 80 கவுண்டி ஆய்வுக்கும் ஆதாரமாயிற்று. காகிதம் அழிந்தால் பலமுள்ளவன் சொல்வதே வரலாறாகிவிடும். ஆனால் காப்பது வேறு, கீழ்ப்படிவது வேறு. பத்திரப் பதிவேட்டை முழுசாகக் காக்க வேண்டும். அதற்குக் கீழ்ப்படிவதோ, குறி வைத்தவர் அறிந்து சம்மதித்த அளவோடு நிற்க வேண்டும். முன்னோரின் பெயரால் நம்மிடம் எதையாவது கேட்கிறவர் யாராயிருந்தாலும், அவர் நீட்டும் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தையும் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.